புரோட்டாக் கடை வெண்பாவில் தளை தட்டியதா?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற வீரபாண்டியின் இஸ்திரிக் கடையில் சட்டை கொடுத்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். சட்டை சின்னதோ பெரியதோ, அதற்குப் பதினைந்து இழுப்புதான். பதினாலும் கிடையாது, பதினாறும் கிடையாது. வெண்பாவுக்குப் பதினைந்து சீர், ஆகவே சட்டைக்குப் பதினைந்து இழுப்பு. துறைமுகத்தில் வேலை பார்க்கிற சேவியர் சேட்டன் கூடாரம் மாதிரி ஒரு சட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, சாயங்காலம் வந்து பிரித்துப் பார்த்து, "வீரபாண்டி, முதுகு அப்படியே சுருங்கி இருக்கே" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அந்தத் தெருவில் பிரசித்தம். "உங்க உடம்புக்கு ஆசிரியப்பா வேணும் சேட்டா. அது நீண்டுக்கிட்டே போவும். எனக்கு வெண்பாதான் வரும்." சேவியர் சேட்டனுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. சுருங்கிய முதுகோடேயே போனார்.

அவர் பள்ளிக்கூடம் போனது எட்டாவது வரைக்கும்தான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் இங்கே வந்து, பழைய பேப்பர்காரரிடம் முன்பக்கமும் பின்பக்கமும் கிழிந்த ஒரு யாப்பு நூலை எடைக்கு வாங்கி, இஸ்திரி மேஜையில் விரித்து வைத்துத் தானாகவே படித்தார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்குக் காது அப்படி. வெண்பா எழுதுவது லேசுப்பட்ட காரியமா? சீர்கள் ரயில் பெட்டி மாதிரி. ஒரு பெட்டியின் கொக்கி அடுத்த பெட்டியில் சரியாக மாட்ட வேண்டும், அந்த மாட்டலுக்குத்தான் தளை என்று பேர். ஒரு இடத்தில் கொக்கி விட்டால் போச்சு, தளை தட்டியது என்று சொல்லிப் பாட்டைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். முப்பத்தைந்து வருஷத்தில் வீரபாண்டியின் பாட்டில் ஒரு கொக்கிகூட விட்டதில்லை. அவருக்குக் கல்யாணம் ஆகாததற்கும் அதுவே காரணம். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பாவிடம் ஒரு வெண்பாவை எழுதி நீட்டினார். அவர் அதை ஏதோ மனு என்று நினைத்து, "வி.ஏ.ஓ.வைப் பாருங்க தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அத்தோடு சரி.

அப்படியாகப்பட்ட மனுஷனுக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று இருந்தது மூன்றே பேர். தங்கச்சி சந்தனமாரி, அவள் புருஷன் பாண்டியராஜன், அவர்கள் மகள் மகா. பாண்டியராஜனுக்கு மட்டாஞ்சேரியில் ஒரு புரோட்டாக் கடை நன்றாக ஓடியது. போன சித்திரையில் தோப்பும்படியில் இரண்டாவது கடை திறந்தான். திறப்பு விழாவுக்கு மச்சான் வெண்பா இல்லாமலா? வீரபாண்டி எழுதினார், எட்டடி ஃப்ளெக்ஸில் அச்சடித்து வாசலில் கட்டினார்கள், மைக்கைப் பிடித்து அவரே பாடவும் செய்தார்.

கல்லில் விழுந்து கனிந்த புரோட்டாவைச்
சொல்லில் அடங்காச் சுவையென்றே – எல்லாரும்
தேடும் கடையினைத் தோப்பும் படியிலே
நீடு நடத்துவாய் நீ.

எல்லாரும் கைதட்டினார்கள். பாண்டியராஜன் சந்தோஷத்தில் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு வாசலில் இறங்கினான். அங்கே யாரோ எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்திருக்கிறார்கள். சர்ரென்று வழுக்கி, புதுசாகப் போட்ட கருங்கல் படியில் இடது கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டு முறிந்தது.

அத்தோடு விட்டதா? மறுநாள் புது ஃப்ரிட்ஜ் செத்தது. அதற்கு மறுநாள் மைதா மூட்டையில் ஒரு பூனை நாலு குட்டி போட்டது. அன்றைக்கென்று பார்த்து சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார், மூட்டையைத் திறக்கச் சொன்னார், ஐந்து பூனைகளும் அவரை நிமிர்ந்து பார்த்தன. கடைக்குப் பூட்டு.

கையில் மாவுக்கட்டோடு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு யோசனை நல்லதாகவா வரும்? பாண்டியராஜன் அந்த ஃப்ளெக்ஸை ஹாலில் விரித்துப் போட்டு நாலு நாள் வெறித்துப் பார்த்தான். ஐந்தாம் நாள் பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.

"ஏ சந்தனமாரி, இங்க பாரு. மங்கலமா ஆரம்பிக்க வேண்டிய பாட்டு, எடுத்த எடுப்புல என்ன சொல்லுது? கல்லில் விழுந்து! நான் எங்க விழுந்தேன்? கல்லுல. உங்க அண்ணன் எனக்கு அறம் பாடிட்டாருடி!"

அறம் பாடுவது என்றால் தெரியும்தானே? புலவன் வயிறெரிந்து பாடினால் பாட்டுக் கேட்டவன் பஸ்பம் என்று நம் ஊர்ப் பக்கம் ஒரு பயம் காலங்காலமாக உண்டு. "அது புரோட்டாவைச் சொன்னதுங்க, நீங்க புரோட்டாவா?" என்று சந்தனமாரி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அவன் கேட்டால்தானே. "புலவன் பாட்டுல தளை தப்பலைன்னா கேட்டவன் தலை தப்பாது" என்று, அந்த நிமிஷத்தில் தானே உண்டாக்கின ஒரு பழமொழியை, ஆதிகாலத்துப் பழமொழி மாதிரி எடுத்து விட்டான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிதான். ஆனால் அடுத்த மாசம் மகாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஆலுவா. தாய்மாமன் மாலை போட்டுக் கூட்டிவராமல் நம் பிள்ளைகள் மணவறையில் உட்கார்வார்களா? மகா பிறந்த நாளிலிருந்து வீரபாண்டி காத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு காரியத்துக்குத்தான். மாமன் சீருக்கென்று பட்டுப்புடவை எடுத்து, அதை மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பு மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். பாண்டியராஜன் ஒரே போடாகப் போட்டான். "என்னைக் கல்லுல தள்ளுனவரு எம் பிள்ளைய எங்க தள்ளுவாரோ. ஒண்ணுவிட்ட மாமன் ஒருத்தன் ஊருல இருக்கான், அவன் வந்து மாலை போடட்டும்."

சந்தனமாரி நேரே இஸ்திரிக் கடைக்கு வந்து நின்று அழுதாள். "கூடப் பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எம் பிள்ளைக்கு இரவல் மாமனா அண்ணே? அந்தப் பாட்டைத் திரும்ப எடுத்துக்கோ."

"பாடுன பாட்டை எப்படித் தாயி திரும்ப எடுக்க? சட்டையா, பொத்தான் சரியில்லைன்னு திருப்பிக் கொடுக்க?" என்றார் வீரபாண்டி. சொல்லிவிட்டு அவரும் அழுதார். அன்றைக்கு ஒரு சட்டையில் இஸ்திரி நின்றபடி நின்று, முதுகில் முக்கோணமாகக் கரிந்துபோயிற்று.

கடைசியில் அண்ணன் தங்கச்சி இரண்டு பேருமாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். படித்தவர் ஒருவரைக் கூப்பிட்டுப் பாட்டைச் சோதிப்பது. பாட்டில் பிழை இருந்தால் அது வெத்துவேட்டு, கை முறிந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மாமன் கல்யாணத்துக்கு வரலாம். பிழையே இல்லையென்றால் அறம் பாடியது நிஜம், மாமன் மட்டாஞ்சேரியைத் தாண்டக்கூடாது. பாண்டியராஜனும் சரி என்றான். வீரபாண்டியும் சரி என்றுவிட்டார். எதற்குத் தலையாட்டினோம் என்பது வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பிழை இருந்தால் அவர் மாமன், ஆனால் புலவர் இல்லை. பிழை இல்லையென்றால் புலவர், மாமன் இல்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

சோதிக்க வந்தவர் அனந்தலக்ஷ்மி டீச்சர். பாலக்காட்டுக்காரர், எர்ணாகுளத்தில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்ச் சங்கத்து மாடியில் எல்லாரும் கூடினார்கள். அந்த மாடிக்குக் கீழே மிளகு கோடவுன். அன்றைக்கென்று லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தூசி படியேறி வந்தது.

டீச்சர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஃப்ளெக்ஸைத் தரையில் விரிக்கச் சொல்லி, பென்சிலும் கையுமாக நாற்காலியில் உட்கார்ந்தார். "பா வகை, நேரிசை வெண்பா. அதிலே சந்தேகமில்லே. இனி சீர் பிரிக்கலாம். கல்லில், தேமா. விழுந்து, புளி..." டீச்சர் தும்மினார். "...மா. கனிந்த, புளிமா. புரோட்டாவை... ஹச்! மன்னிக்கணும், அந்தத் தும்மல் பாட்டிலே சேராது, கேட்டேளா."

"தும்மலை யாரும் எழுதிறாதீங்க" என்று பாண்டியராஜன் பொதுவாக எச்சரித்தான். எழுத அங்கே யாரும் இல்லை.

முதலடி சுத்தம். இரண்டாமடி சுத்தம். ஒவ்வொரு சீருக்கும் வீரபாண்டிக்கு உள்ளே குளிர்ந்தது, உடனே கண் மகா பக்கம் போயிற்று. பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவோமோ என்று பயப்படுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அன்றைக்கு அவர் அப்படி உட்கார்ந்திருந்தார். நடுவில் டீச்சர் மெய்ப்பாட்டுக்குப் போனார். பாட்டில் என்ன உணர்ச்சி ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமாம். "எழுதறச்சே உங்க மனசிலே என்ன இருந்தது? உள்ளதைச் சொல்லுங்கோ."

"பசி டீச்சர். காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை."

"மெய்ப்பாடு எட்டுதான். நகை, அழுகை, வெகுளின்னு வரும். அதிலே பசி கிடையாதே."

"எனக்கு அதுதான் இருந்துச்சு டீச்சர்."

"பசிச்ச வயிறு!" என்று பாண்டியராஜன் மாவுக்கட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். "பசிச்சவன் பாடுனா கல்லும் பொடியாகும்லா! எங்கிட்டச் சொல்லியிருந்தா ரெண்டு புரோட்டா போட்டிருப்பேனே மச்சான், அதுக்காகக் கையை ஒடிக்கணுமா?"

டீச்சர் அவனை உட்காரச் சொல்லிவிட்டு மூன்றாமடியையும் நாலாமடியையும் பார்த்தார். பென்சில் கடைசிச் சீரில் வந்து நின்றது. அவர் தலையைத் தூக்கி ஒருதரம் சுற்றிலும் பார்த்தார். சந்தனமாரி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். மகா ஜன்னலோரமாக நின்று மாமனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய மனுஷி, யாருக்கு மார்க் எங்கே தேவை என்று தெரியாதா? தொண்டையைச் செருமினார்.

"மூணாம் அடி முடியற இடம். 'படியிலே', அப்புறம் 'நீடு'. இங்கே தட்டறதாக்கும்."

நல்ல மனசோடு சொன்ன பொய். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் வீரபாண்டிக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததும் நிலைகொள்ளவில்லை. துள்ளி எழுந்தார்.

"எங்க தட்டுது? எங்க டீச்சர் தட்டுது? படி, நிரை. யிலே, நிரை. ரெண்டும் சேர்ந்தா விளச்சீர். விளத்துக்கு அடுத்தாப்ல நேர் வரணும். 'நீ' நேர் இல்லாம வேற என்ன? காட்டுங்க பாப்போம்!"

"வீரபாண்டி, சித்தே சும்மா இருங்கோ" என்று டீச்சர் கண்ணைக் காட்டினார். இரண்டு கண்ணையும் காட்டினார். புருவம், கன்னம் என்று முகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் காட்டினார்.

"எப்படி டீச்சர் சும்மா இருக்க? முப்பத்தஞ்சு வருஷமா எழுதுதேன். ஒரு இடத்துல, ஒரே இடத்துல தட்டியிருக்கா? இந்தா, கேளுங்க!" என்று மேஜையில் கையை அடித்து அடித்துப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடினார். நேருக்கு ஒரு அடி, நிரைக்கு இரண்டு அடி. மேஜை அதிர்ந்தது. சும்மா இல்லை, அருமையாகத்தான் இருந்தது. கீழே மூட்டை ஏற்றுகிறவர்கள்கூட அந்தத் தாளத்துக்கு ஒரு மூட்டையைப் பிசகாமல் ஏற்றிவிட்டார்கள்.

பாட்டு முடிந்ததும் பாண்டியராஜன் மெல்லக் கேட்டான். "அப்ப இதுல தப்பே இல்லைங்கீக?"

"ஒரு பொட்டுத் தப்புக் கிடையாது மாப்ள!"

"அப்ப என் கையை ஒடிச்சது நீங்கதான்."

வீரபாண்டியின் கை மேஜைமேல் அப்படியே நின்றது. சந்தனமாரி "அட பாவி அண்ணே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போது மகா வந்தாள். இடப்பள்ளி மாலில் வேலை பார்க்கிற பிள்ளை. படித்தது முழுக்க மலையாளம், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். மாமாவின் வெண்பா ஒன்றும் இதுவரை அவளுக்கு விளங்கியதில்லை. மேஜைமேல் இருந்த அவர் கையைப் பிடித்தாள். "மாமா, எனக்கு இதொண்ணும் தெரியாது. தெற்று உண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு வேற மாமா வேண்டா." தப்பு என்பதை அவள் தெற்று என்றுதான் சொல்வாள்.

வீரபாண்டி ஃப்ளெக்ஸைப் பார்த்தார். எட்டடி நீளத்துக்குப் பிழையில்லாமல் கிடந்தது. அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். வீடு கிடையாது, பட்டம் கிடையாது, ஊரில் நாலு பேருக்குப் பேர் தெரியாது. பிழையில்லாத வெண்பா மட்டும் உண்டு. 

"டீச்சர் சொன்னதுதான் சரி" என்றார். "தட்டுது."

"நல்லாச் சொல்லுங்க மச்சான்."

"தட்டுது மாப்ள. எனக்கு வெண்பா சரியா வராது."

பாண்டியராஜன் ஒற்றைக் கையால் அவரைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதான். "இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் இந்தப் பாடு பட்டிருப்பேனா? நீங்க ஒண்ணுத்துக்கும் உதவாத புலவர்னு தெரியாமப் போச்சே மச்சான்!" அவன் பாசத்தோடுதான் சொன்னான், அதிலே சந்தேகமே இல்லை.

அதோடு விட்டானா? ஒரு வாரம் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். எங்க மச்சான் பாட்டு ஒருத்தரையும் ஒன்றும் செய்யாது, தைரியமாகக் கேட்கலாம் என்று. பிறகு இன்னொரு யோசனையோடு கடைக்கு வந்தான். மகா கல்யாணத்துக்கு மாமன் வாழ்த்து வெண்பா வேண்டும். பாடாவிட்டால் சம்பந்தக்காரர் கேட்பார்கள். ஆனால் ஜாக்கிரதைக்காக, அதில் பிழை கட்டாயம் இருக்க வேண்டும். பிழை இருக்கிறது என்று டீச்சர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

பாருங்கள் கொடுமையை! வீரபாண்டி பதினெட்டு நாள் முயன்றார். காலையில் ஒரு சீரை உடைப்பார். சாயா குடித்துவிட்டு வந்து பார்த்தால் அது தானாகச் சரியாகியிருக்கும். அவர் கைதான் சரி பண்ணியிருக்கும், அவருக்குத் தெரியாமலே. கஷ்டப்பட்டுக் கெடுத்து டீச்சருக்கு அனுப்பினால் டீச்சர் போனில் கூப்பிடுவார். "இதுவும் சரியாத்தானே இருக்கு? நீங்க கெடுத்த இடத்திலே வேற ஒரு தளை வந்து கச்சிதமா உட்கார்ந்துடுத்தே. இன்னும் கொஞ்சம் கெடுத்துக் கொண்டு வாங்கோ." வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்ல? நல்ல பாட்டு வராமல் தவித்த புலவர்கள் உண்டு. கெட்ட பாட்டு வராமல் தவித்தவர் இவர் ஒருத்தர்தான். பத்தொன்பதாம் நாள் அனுப்பின பாட்டை டீச்சர் போனிலேயே இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தார். பிறகு, "ம். இதிலே இருக்கு. கையெழுத்துப் போடறேன்" என்று மட்டும் சொன்னார்.

ஆலுவா மண்டபத்தில் நானூறு பேர். தாய்மாமன் பட்டுப்புடவைத் தட்டைக் கொடுத்தார், மாலை போட்டார், மகாவைக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தார். தாலி கட்டி முடிந்ததும் பாண்டியராஜன் மைக்கை எடுத்து, "எங்க மச்சான் பாடுவாரு, யாரும் பயப்படவேண்டாம், தப்பு இருக்கு, சர்டிபிகேட் இருக்கு" என்று அறிவித்தான். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீரபாண்டி பாடினார். முதல் இரண்டு அடி ஆற்றொழுக்காகப் போயிற்று. பாண்டியராஜன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். மூன்றாமடியும் போயிற்று.

ஆலுவா ஆற்றின் அலைபோல ஓயாமல்
காலமெல்லாம் கூடிச் சிரி

கடைசி அடிக்கு மூன்று சீர்தான். 'சிரி' என்றதோடு வெண்பா முடிந்தது, அதற்கு மேல் ஒரு எழுத்துக்கு இடமில்லை. வீரபாண்டி மணவறையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நாலாவதாக ஒன்றைச் சொன்னார்.

"தாயீ."

"தட்டிருச்சு! தட்டிருச்சு!" என்று பாண்டியராஜன் எழுந்து நின்று கைதட்டினான். அவன் தட்டியதைப் பார்த்து நானூறு பேரும் தட்டினார்கள். முன்வரிசையில் டீச்சர் மட்டும் தட்டவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். வீரபாண்டி மைக்கை வைத்துவிட்டு மேடை ஓரமாகப் போய் நின்றுகொண்டார். முப்பத்தைந்து வருஷத்தில் அவருக்கு விழுந்த பெரிய கைதட்டல் அதுதான்.

பந்தி தொடங்கினபோது மகா மாலையோடு அவரிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. "மாமா, எல்லாரும் சொல்றாங்களே, தெற்று எவிடயா இருந்தது?"

"கடைசிச் சொல்லு" என்றார் வீரபாண்டி. "அது வரக்கூடாது. அதுக்கு அங்க இடம் கிடையாது."

"அதா?" என்றாள் மகா. "எனக்குப் புரிஞ்சது அது ஒண்ணுதான் மாமா."